ரெண்டு காலும் ஒரே மாதிரி கீதா?

நர்சிங் படிக்கும்போது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். சென்னையில் பாடிப் பகுதிக்காரி. நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு, அதற்கேற்ற குரல். ரகசியம் பேசினால்கூட வார்டின் கடைசிக் கட்டில் வரை கேட்கும். படிப்பில் சுமார்தான். எழுத்து மெதுவாக வரும். எந்தப் பரீட்சையிலும் அவள் கடைசிக் கேள்வி வரை போனதாக எனக்கு நினைவில்லை. ஆனால் எங்கள் வகுப்பில் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. பாடத்தில் இருப்பதை அவள் நம்பினாள்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நாங்களும் படித்தோம், கோடு போட்டோம், ஒப்பித்தோம். ஆனால் பரீட்சைக்குப் படிப்பது வேறு, வார்டில் ஓடி ஓடிச் செய்வது வேறு என்று எங்களுக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. அவளுக்குப் பழகவில்லை. கை கழுவும் முறையைப் பற்றிப் படித்த அன்று மாலையே வீட்டில் அப்பாவை, அவள் பேச்சில் நைனாவை, குழாயடியில் நிறுத்தி, விரல் இடுக்கெல்லாம் தேய்க்க வைத்தவள். அவர் தொழிற்சாலையில் லேத் மிஷினில் வேலை செய்கிறவர். "எண்ணெய்க் கறை போவாதும்மா, உட்டுடு" என்று அவர் கெஞ்சியதை அவளே சொல்லிக்காட்டுவாள்.

கால் சிரைகளில் ரத்தம் உறைவதைப் பற்றிய பாடம் ஒரு மதிய வேளையில் நடந்தது. பூந்தமல்லி பக்கத்தில் எங்கள் கல்லூரி. சாப்பிட்ட மயக்கத்தில் பாதி வகுப்பு தலையாட்டிக்கொண்டிருந்தது. மேடம் பலகையில் ஒரு காலை வரைந்து விளக்கினார். காலில் இருக்கிற ரத்தம் மேலே ஏறுவதற்குக் கெண்டைக்கால் தசைதான் பம்பு மாதிரி. நடக்கும்போது தசை இறுகி ரத்தத்தை மேலே தள்ளும். படுத்தே கிடந்தால் ரத்தம் தேங்கும். தேங்கினால் உள்ளே ஆழத்தில் இருக்கும் சிரைகளில் உறையலாம். ஆபரேஷன் ஆனவர்கள், எலும்பு முறிந்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள் இவர்களுக்கெல்லாம் அந்த ஆபத்து கூடுதல். உறைந்த கட்டி அங்கேயே இருந்தால் கால் வீங்கும், வலிக்கும், சூடாக இருக்கும். பிய்த்துக்கொண்டு மேலே போனால் நுரையீரலில் அடைக்கும். அப்போது ஆளே போய்விடலாம்.

"ஆங்கிலப் பேரைச் சுருக்கி டி.வி.டி.ன்னு சொல்வாங்க" என்றார் மேடம். பின் பெஞ்சில் யாரோ, "பிளேயர் இருக்கா மேடம்?" என்றாள். வகுப்பு சிரித்தது. இவள் எழுந்து நின்றாள்.

"மேடம், நம்ம சர்ஜரி வார்டுல ஜன்னலாண்ட ஒரு அம்மா கீறாங்க. ஆபரேஷன் ஆனதுலேர்ந்து அசையாம படுத்துகினே கீறாங்க. அவங்களுக்கு வருமா?"

"வரலாம். அதுக்குத்தான் உங்களுக்கு இந்தப் பாடமே."

"அப்போ இப்போ அவங்கள யாரு பாத்துக்கறது?"

மறுபடி சிரிப்பு. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "சாயந்திரம் உனக்கு அங்கதானே போஸ்டிங்? நீ பாத்துக்கோ" என்றார்.

அவள் சாயந்திரம் வரை காத்திருக்கவில்லை. டீ குடிக்க விட்ட இடைவேளையில் ஓடிவிட்டாள். நாங்கள் வார்டுக்குப் போனபோது அந்த அம்மா பாதங்களை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, "உங்க கூடப் படிக்கிற பொண்ணு என்னைத் தையல் மிஷின் ஓட்ட வச்சுட்டுப் போயிருக்கும்மா" என்று முறையிட்டார்.

அதிலிருந்து கால் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. இவள் முதலில் குனிந்து காலைப் பார்ப்பாள். பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது முன்னால் இருக்கும் பெண்மணியின் புடவைக் கரைக்குக் கீழே இவள் கண் போய்விடும். "யக்கா, ரெண்டு காலும் ஒரே மாதிரி கீதா, இல்ல ஒரு காலு மட்டும் வீங்கிகீதா?" என்று கேட்டேவிடுவாள். இரண்டு காலும் வீங்கினால் நின்று நின்று வந்ததாக இருக்கலாம், இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம், ஆற அமரப் பார்க்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும். இதைக் காட்டுப்பாக்கம் நிறுத்தத்துக்குள் சொல்லி முடித்துவிடுவாள். சிலர் நன்றி சொல்வார்கள். சிலர் புடவையை இழுத்து மூடிக்கொண்டு இடம் மாறி உட்காருவார்கள். எனக்குத்தான் வெட்கமாக இருக்கும். அவளுக்கு இருக்காது.

எல்லாம் சரியாகவே போய்விடவில்லை. அவள் தெருவில் லாரி ஓட்டுகிற ஒருவர் இருந்தார். கெண்டைக்கால் வலிக்கிறது என்று அவர் சொன்னதும் இவள் அவரை விடாமல் பிடித்துக்கொண்டாள். நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவர், ஒரு கால் வீங்கியிருக்கிறது, வேறென்ன வேண்டும்? ஏற்றிப்போக வேண்டிய லோடை இன்னொருவருக்குக் கொடுக்க வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுக்க வைத்தாள். ரத்தக் குழாயில் ஒன்றுமில்லை. தார்ப்பாய் கட்ட ஏறிக் குதித்தபோது தசை கிழிந்திருந்தது, அவ்வளவுதான்.

"இன்னா நர்சம்மா, ஒரு நாள் பொழப்பக் கெடுத்துட்டியே!" என்று அவர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"ஒண்ணுமில்லன்னுதானே வந்துச்சு அண்ணாத்தே? சந்தோசமா ஊட்டுக்குப் போ" என்றாள் இவள். அவளுக்கு அதில் நிஜமாகவே தோல்வி தெரியவில்லை. பார்க்கச் சொல்லிப் பாடத்தில் இருந்தது, பார்த்தாயிற்று. மேடத்திடம் போய் அதையும் சொன்னாள். "அறிகுறியை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது, சில பேருக்கு அறிகுறியே இருக்காது, அதனாலதான் ஸ்கேன்" என்று மேடம் விளக்கியதைப் பெரிய ஆறுதலாகக் கேட்டுக்கொண்டாள்.

எங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இவள் வீட்டில் யாரோ இப்படி ரத்தம் உறைந்து செத்திருக்க வேண்டும். அம்மாவாக இருக்கும் என்றாள் ஒருத்தி. அக்கா, பிரசவத்தில், என்றாள் இன்னொருத்தி. விடுதிப் பெண்கள் ஆளுக்கொரு கதை கட்டி, கடைசியில் அவளோடு பஸ்ஸில் போகிற என்னைக் கேட்கச் சொன்னார்கள். பூந்தமல்லி பஸ் நிலையத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டு நின்றபோது கேட்டேன்.

"யாரும் சாவலடி. எல்லாம் நல்லாத்தான் கீறாங்க" என்றாள். "பாடத்துல இருந்துச்சு. படிச்சேன். நெசமாத்தானே எழுதி வச்சிருப்பாங்க?"



எலும்பு முறிவு வார்டில் எங்களுக்குப் போஸ்டிங் வந்தபோது அவளுக்கு ஒதுக்கப்பட்டவர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். விருதுநகர் பக்கத்து ஆள், குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பு உடைந்து, ஆபரேஷன் ஆகியிருந்தது. மனைவி கட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பார். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் வயிற்றில் ஊசி போட்டார்கள். அதோடு டாக்டர் நடக்கவும் சொல்லியிருந்தார். நடக்க வைப்பது இவள் பொறுப்பு. இவளைக் கண்டதும் அவர், "இன்ஸ்பெக்டர் வந்தாச்சு, எல்லாரும் எந்திரிங்கப்பா" என்பார். முனகிக்கொண்டே வாக்கரைப் பிடித்து எழுவார். இவள் இடுப்பைத் தாங்கிக்கொள்வாள். ஜன்னல் வரை போய்த் திரும்புவதற்குள் அவருக்கு வியர்த்துவிடும். அந்த மனைவிக்குப் பார்க்கப் பொறுக்காது, முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் அவரால் முடியவில்லை. "இன்னைக்கு ஒரு நாள் விட்டுரு தாயி" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"தூங்கவே இல்ல பாப்பா. நாளைக்கு நானே எழுப்பி விடறேன், இன்னைக்கு விட்டுடேன்" என்றார் மனைவி.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "சரி, படுத்துகினே பாதத்தையாவது ஆட்டுங்க" என்று சொல்லி, தானே கணக்கு வைத்து ஆட்ட வைத்துவிட்டு வந்தாள். பொறுப்புச் சிஸ்டரிடமும் சொன்னாள்.

மறுநாள் காலை நாங்கள் வார்டுக்குள் நுழைந்த நேரம் அவர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்துக் கையைக்கூட உயர்த்தினார். அடுத்த நிமிடம் டம்ளர் கீழே விழுந்தது. மூச்சு விட முடியவில்லை என்று நெஞ்சைப் பிடித்தார். உடம்பெல்லாம் வேர்த்தது. இவள்தான் முதலில் ஓடினாள், ஆக்சிஜனை வைத்தாள், சிஸ்டரைக் கூப்பிட்டாள். டாக்டர்கள் ஓடி வந்தார்கள். என்னென்ன செய்ய வேண்டுமோ எல்லாம் செய்தார்கள். அவர் பிழைக்கவில்லை. உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போயிருக்க வேண்டும் என்றார்கள்.

திரைச்சீலைக்கு வெளியே அந்த மனைவி இவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தானே பாப்பா விட்டுடுன்னு சொன்னேன்? நேத்து நடந்திருந்தா இருந்திருப்பாரா?"

நான் பக்கத்தில் நின்றேன். இவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று பயமாக இருந்தது.

"இல்லம்மா" என்றாள். அவளுக்கு அவ்வளவு தணிந்த குரல் உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். "ஊசி போட்டு, நடக்க வச்சு, எல்லாம் செஞ்சாலும் சில பேருக்கு வந்துடும்மா. புக்லயே அப்படித்தான் போட்டுகீது. நீங்க ஒண்ணும் பண்ணல." அந்த அம்மாவின் சொந்தக்காரர்கள் வரும்வரை கையை விடாமல் நின்றாள்.

மேடமும் அன்று அவளைக் கூப்பிட்டு அதையேதான் சொன்னார். ஒரு நாள் நடக்காததால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, கட்டி அதற்கு முன்பே உருவாகியிருக்கலாம் என்று பொறுமையாக விளக்கினார். இவள் தலையாட்டினாள். மாலை பஸ் நிறுத்தத்தில் என்னிடம், "எல்லாத்தையும் நம்பறேன்டி. அந்த ஒரு வரிய மட்டும் நம்ப முடியல. அந்தம்மாகிட்ட சொன்னேன் பாரு, அதை" என்றாள். பஸ் வந்தது. ஏறினோம். அன்று அவள் யாருடைய காலையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் மாறிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். "இன்னைக்கு விட்டுடும்மா" என்ற பேச்சே அவளிடம் எடுபடாது. அழுதாலும் எழுப்புவாள். ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சாபம் விட்டாள். இவள் "சரி ஆயா, திட்டிகினே நட" என்றாள். முன்பு சிரித்துக்கொண்டே நடந்தவர்கள் இப்போது அவளைக் கண்டால் போர்வையை இழுத்துக்கொண்டார்கள். குடல் ஆபரேஷன் ஆன ஒரு பெண் வலியில் துடிப்பதைக் கவனிக்காமல் அவளை நிற்க வைத்தபோது, நான் ஓடிப்போய் மறுபக்கம் தாங்கிக்கொண்டேன். நான் ஏதாவது சொல்வதற்குள் பொறுப்புச் சிஸ்டர் வந்துவிட்டார்.

"வலி மருந்து எப்போ போட்டாங்கன்னு பாத்தியா?"

இவள் அப்போதுதான் மருந்துச் சீட்டை எடுத்துப் புரட்டினாள்.

"மருந்தைக் குடு, அது வேலை செய்யட்டும், அப்புறம் நடக்க வை. அவங்க நடக்கணும்னு உனக்கு மட்டும்தான் ஆசையா? எங்களுக்கு இல்லையா?"

கடுமையாகத்தான் சொன்னார். அதையும் இவள் நம்பினாள். மறுநாளிலிருந்து ஒவ்வொரு கட்டிலிலும் முதல் கேள்வி, "வலி மருந்து போட்டாங்களா?" என்பதாகிவிட்டது. கை முரட்டுத்தனம் குறைந்தது. பிடிவாதம் குறையவில்லை.

படிப்பு முடிந்து அம்பத்தூர் பக்கம் ஒரே ஆஸ்பத்திரியில் இருவரும் வேலைக்குச் சேர்ந்தோம். அப்போது அவள் அண்ணிக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை டூட்டி முடித்து அவளோடு பாடிக்குப் போனேன். அண்ணியின் தாய்வீடும் அதே பகுதியில்தான், முதல் மாடி. அறை நிறையச் சொந்தக்காரர்கள். குழந்தை கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. மூக்கு யாருடையது, நெற்றி யாருடையது என்று பெரிய விவாதம். அண்ணி சுவரோரம் படுத்திருந்தாள், கழுத்து வரை போர்வை.

இவள் குழந்தைப் பக்கமே போகவில்லை. நேரே அண்ணியிடம் போய் உட்கார்ந்தாள்.

"இன்னா அண்ணி, நடக்கறியா?"

"எங்க நடக்க விடறாங்க? பச்ச உடம்பு, எழுந்திருக்கக் கூடாதாம். பாத்ரூமுக்கு மட்டும்தான். நேத்துலேர்ந்து இடது காலு வேற கல்லு மாதிரி கனக்குது."

இவள் போர்வையை விலக்கினாள். நானும் பார்த்தேன். இடது கால் தொடை வரை வீங்கி, தோல் இழுத்துப் பளபளத்தது. தொட்டால் சூடு. வலது கால் சாதாரணமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணியின் அம்மா ஒரு கிண்ணத்தில் காய்ச்சிய எண்ணெயோடு உள்ளே வந்தார். "வாயுப் பிடிப்பு. சூடா நாலு உருவு உருவுனா சரியாப்பூடும்" என்று சொல்லிக்கொண்டே காலடியில் உட்கார்ந்து கையை எண்ணெயில் நனைத்தார்.

"அத்த, தொடாதீங்க!"

மூக்கு விவாதம் அப்படியே நின்றது. குழந்தை மட்டும் சிணுங்கியது.

"இன்னாடி? எம் பொண்ணு கால நான் தொடக் கூடாதா?"

"உருவக் கூடாது அத்த. உள்ள ரத்தம் கட்டிகினு இருந்தா, உருவுனா பிச்சிகினு மேல போவும். நெஞ்ச அடைச்சுடும்."

"மூணு புள்ள பெத்தவ நான். எனக்கு நீ பாடம் சொல்றியா?"

அவர் கையைக் காலை நோக்கிக் கொண்டுபோனார். இவள் அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்துக்கொண்டாள். எண்ணெய் பாயில் கொட்டியது. பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். சம்பந்தி வீட்டில், பத்துப் பேர் முன்னால் கையைப் பிடிப்பதாவது! அவள் அண்ணன் வேகமாக வந்து தோளைப் பிடித்து இழுத்தான்.

"உன் நர்சு வேலையெல்லாம் ஆஸ்பத்திரியோட வச்சிக்கோ. கைய உடு மொதல்ல."

"உட மாட்டேன்" என்றாள். "அன்னிக்கு லாரிக்காரரு கதையாவே இருக்கட்டும். ஒண்ணுமில்லன்னு வந்தா எல்லாரு கால்லயும் உழறேன். இப்போ ஆட்டோ கூப்புடு. இவங்கள நடக்க வைக்காத, நாற்காலில உக்கார வச்சுத் தூக்கு."

அண்ணன் என்னைப் பார்த்தான். "ஆமாண்ணா, போயிடலாம். நேரம் கடத்தாதீங்க" என்றேன். அவன் முகம் மாறியது. படி இறங்கி ஓடினான்.

பிளாஸ்டிக் நாற்காலியோடு அண்ணியைத் தூக்கி இறக்கினார்கள். பாடி மேம்பாலத்தில் ஆட்டோ ஏறும்போது அவள் அண்ணியின் நாடியில் விரலை வைத்துக்கொண்டு, "மூச்சு முட்டுதா? நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அண்ணி இல்லை இல்லை என்று அழுதாள். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டரிடம் இவள் இரண்டு வரிகூட முழுதாகச் சொல்லவில்லை. காலைப் பார்த்ததுமே அவர் ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டார். தொடை வரை ரத்தம் உறைந்திருந்தது. உடனே ஊசி தொடங்கினார்கள். ஸ்கேன் அறை வாசலில் அண்ணன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு?" என்று கேட்டான்.

"தெரியல. பயந்தேன்" என்றாள்.

சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு அழுதாள். அந்த விருதுநகர்க்காரர் செத்த அன்றுகூட அவள் அழவில்லை.

அண்ணியின் அம்மா இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தும் இவளிடம் பேசவில்லை. இவளும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. ரத்தம் இளக மாத்திரை சாப்பிடும்போது ஈறில் ரத்தம் வந்தாலோ மலம் கறுத்துப் போனாலோ உடனே சொல்ல வேண்டும் என்று அண்ணிக்கு இவள் விளக்கும்போது, அவர் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஆனால் காது இங்கேதான் இருக்கும். மறுநாள் காலை பல் தேய்த்த மகளின் வாயைத் திறக்கச் சொல்லி அவர் எட்டிப் பார்த்ததை நான் கண்டேன்.

வீக்கம் வடியத் தொடங்கியதும் டாக்டர் நடக்கலாம் என்றார். அப்போது நான் அங்கே இருந்தேன். இவள் எழுந்து கட்டிலருகே போவதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார். கையிலிருந்த குழந்தையை, சொந்தக்காரர்கள் வேறு யாரும் பக்கத்தில் இல்லாததால், இவள் கையில் திணித்தார்.

"இத புடி. எம் பொண்ண நான் நடக்க வைக்கறேன். வலி மருந்து போட்டாச்சா?"

"போட்டாச்சு அத்த."

தாயும் மகளுமாக ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வராந்தாவில் மெல்ல நடந்துபோனார்கள். இவள் அவர்களைப் பார்க்கவில்லை. குனிந்து, கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கொட்டாவி விட்டுக் கண்ணைத் திறந்தது.

"ஏய், இங்க வந்து பாரேன்" என்று என்னைக் கூப்பிட்டாள். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "எங்க நைனா மூக்குடி இது!"